உழைக்கிற உடம்புக்கு எதுக்கு உடற்பயிற்சி?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சென்னையிலிருந்து ஒரு குடும்பம் எங்க கொல்லைக்கு வந்திருந்தாங்க. ஜமுனாமரத்தூர்ல தங்கி, பீமன் அருவி பாத்துட்டு, சாமை எப்படி விளையுதுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டணும்னு கேட்டு வந்தவங்க. நல்ல மனுஷங்க. பிள்ளைங்க ஆட்டுக்குட்டி பின்னாடி ஓடிடுச்சுங்க. பெரியவங்களுக்குத் திண்ணையில பாய் போட்டேன்.

வந்தவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. வயசு நாப்பதைத் தொட்டிருக்காது. ஆனா உக்காரும்போது ஒரு கையை இடுப்புல வெச்சு, இன்னொரு கையைத் தூண்ல ஊனி, தவணை தவணையா இறங்கினார். பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நானும் ஒரு வருஷம் அப்படித்தான் உக்காந்தேன்.

மேட்டுக் கொல்லையில என் பொஞ்சாதி களை எடுத்துட்டு இருந்தா. அதைப் பாத்துட்டு அவர் சொன்னார்: "உங்களுக்கென்னங்க, ஜிம்மும் வேணாம், பிலாட்டீஸும் வேணாம். கொல்லையே ஜிம்மு. நான் மாசாமாசம் பணம் கட்டி, ஒரு மிஷின்ல படுத்து காலை ஆட்டிட்டு வர்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "சார், இன்னிக்குக் காலையில அஞ்சரை மணிக்கு நானும் பாய்ல படுத்து காலை ஆட்டிட்டுத்தான் மாட்டை அவுத்தேன்"னு சொன்னேன். அவர் நம்பல. கேலி பண்றேன்னு நினைச்சுட்டார்.

கேலி இல்லைங்க. இதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். பட்டணத்துல இருந்து வர்றவங்கள்ல பாதிப் பேர் இதே வார்த்தையைச் சொல்றாங்க. கிராமத்து உழைப்பே உடற்பயிற்சி, அதனால கிராமத்து ஆளுக்கு நோவே கிடையாதுன்னு ஒரு நம்பிக்கை. கேக்கறதுக்கு எங்களுக்கும் பெருமையாத்தான் இருக்கு. ஆனா அது உண்மை இல்லை.

என் முதுகு போன கதை

மூணு வருஷம் முன்னாடி, கார்த்திகை மாசக் கடைசி. சாமை அறுத்து, தாம்பு ஓட்டி, தூத்தி, மூட்டை கட்டியாச்சு. அம்பது அறுபது கிலோ மூட்டைங்க. பதினாறு வயசுலேருந்து தூக்கற மூட்டைதான், புதுசு இல்லை. ஏழாவது மூட்டையோ எட்டாவதோ, குனிஞ்சு ஒரு பக்கமாத் திரும்பித் தூக்கும்போது இடுப்புல சுருக்குன்னுச்சு. அவ்வளவுதான். களத்துலயே படுத்துட்டேன். நாலு பேர் சேந்து கட்டில்ல தூக்கிட்டு வந்தாங்க.

மலையிலேருந்து கீழே இறங்கி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் திரும்பும்போது எனக்கு உயிர் போய் வந்துச்சு. ஊசி, மாத்திரை, ஒரு பெல்ட். "மூணு மாசம் ரெஸ்ட்"னு சொன்னாங்க. அதுக்கு மேல சொல்ல அவங்களுக்கும் நேரம் இல்லை, கேக்க எனக்கும் தெரியல. நான் படுத்தே கிடந்தேன். வலி குறைஞ்சுது. ஆனா எழுந்து நடந்தா காலு துவண்டுச்சு. பெல்ட்டைக் கழட்டினா இடுப்பு ரெண்டா முறிஞ்சுடும்போல பயம்.

எங்க அக்கா பொண்ணு வேலூர்ல பிசியோதெரபிஸ்ட். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவ என்னைப் பாத்துட்டு, "மாமா, படுத்துக் கிடந்தா இன்னும் கெட்டுப்போகும். எழுந்திருங்க"ன்னா. பாயைத் தரையில போடச் சொன்னா. மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி வெச்சு, மூச்சு விடச் சொன்னா. பத்து நிமிஷம் வெறும் மூச்சுதான். எனக்குக் கோபமே வந்துச்சு. "ஏம்மா, முதுகு நோவுதுன்னா மூச்சு விடச் சொல்ற?"

அப்ப அவ சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "மாமா, மூட்டை எப்படிக் கட்டுவீங்க? கோணியில சாமையை நல்லா குலுக்கி நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டினா மூட்டை நிக்கும். அரைகுறையா நிரப்பி, கயித்தைத் தளரக் கட்டினா தலையில வெச்சதும் இப்படி அப்படி சரியும். உங்க வயிறு இப்ப தளரக் கட்டின மூட்டை. முதுகெலும்பு தனியா நின்னு எல்லா பாரத்தையும் தாங்குது."

வயித்தைச் சுத்தி உள்ளே, பெல்ட் மாதிரியே ஒரு தசை இருக்காம். மேலே மூச்சுக்கான உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள், பின்னாடி முதுகெலும்பை ஒட்டின சின்னச் சின்னத் தசைகள். இந்த நாலும் சேந்துதான் மூட்டை வாயை இறுக்கற கயிறு. வலி வந்துட்டா, இதுங்க சரியான நேரத்துல இறுகறது குறைஞ்சுபோகுமாம். நிதானமா, மூச்சோட சேத்து, திரும்பப் பழக்கணும். அதுக்கு நேரம் எடுக்கும். அவ எனக்குச் சொல்லிக்கொடுத்தது பிலாட்டீஸ்லேருந்து எடுத்த பயிற்சிகள்னு நாலு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. முதல்லயே சொல்லியிருந்தா, "அது சினிமாக்காரங்க பண்றதாச்சே"ன்னு நான் பாயைச் சுருட்டியிருப்பேன்.

அது பணக்காரங்க கண்டுபிடிச்சது இல்லை

யாருடா இந்த பிலாட்டீஸ்னு தேடிப் படிச்சேன். அது ஒரு ஆளோட பேரு. ஜோசப் பிலாட்டீஸ், ஜெர்மனியில 1883ல பொறந்தவர். சின்ன வயசுல ஆஸ்துமா, எலும்பு வளைஞ்சுபோற ரிக்கெட்ஸ்னு நோஞ்சான் பிள்ளை. அந்த உடம்பை விடாம பயிற்சி பண்ணியே தேத்திக்கிட்டார். முதல் உலகப்போர் வந்தப்ப இங்கிலாந்துல இருந்தார். ஜெர்மன்காரர்னு பிடிச்சு முகாம்ல அடைச்சுட்டாங்க. அங்கதான் கூட இருந்தவங்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். படுத்த படுக்கையா இருந்தவங்களுக்குக் கட்டில்ல ஸ்பிரிங் மாட்டி கை காலை அசைக்க வெச்சார்னும், இன்னிக்கு ஸ்டுடியோவுல இருக்கற அந்த மிஷினுக்கு அதுதான் மூலம்னும் சொல்லுவாங்க.

1920கள்ல அமெரிக்கா போய், நியூயார்க்ல மனைவி கிளாராவோட சேந்து பயிற்சிக்கூடம் வெச்சார். நாட்டியக்காரங்க நிறைய பேர் அடிபட்ட உடம்போட அவர்கிட்ட வந்தாங்க. தன் முறைக்கு அவர் வெச்ச பேரு 'கன்ட்ராலஜி'. உடம்பை மனசோட கட்டுப்பாட்டுல வெக்கறதுன்னு அர்த்தம். 1945ல எழுதின புத்தகத்துல 34 பயிற்சி சொல்லியிருக்கார். எல்லாமே தரையில விரிப்புப் போட்டுப் பண்றது. மிஷின் இல்லாமலே பண்ணலாம். அதாவது நம்ம கோரைப்பாய் போதும். 1967ல செத்துப்போனார். பணம், பளபளப்பு எல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.

வேலூர்ல மேரி வர்கீஸ் பத்தி நீங்க கேள்விப்பட்டிருக்கலாம். சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டர். 1954ல கார் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துடுச்சு. சக்கர நாற்காலியில உக்காந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை பண்ணினாங்க. பிறகு மறுவாழ்வு மருத்துவம் படிச்சு வந்து, அந்தத் துறையை வளர்த்தாங்க. பாகாயத்துல மறுவாழ்வு மையம் 1966ல வந்துச்சு. மரத்துலேருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட எத்தனையோ பேரு அந்த மாதிரி இடத்துலதான், தானா எழுந்து உக்காரக் கத்துக்கிட்டாங்க. அவங்க பண்றது பிலாட்டீஸ் இல்லை. ஆனா ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான்: முறையான அசைவும் ஒரு மருந்து. அது பொழுதுபோக்கு இல்லை.

வேலை வேற, பயிற்சி வேற

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தச் சென்னைக்காரர் மாதிரி நினைக்கிறவங்களுக்கு என் பதில் இதுதான்: வேலை உடம்பைச் செலவு பண்ணுது. பயிற்சி உடம்புக்குச் சேத்து வெக்குது. ரெண்டுலயும் வேர்க்கும். அதனால ரெண்டும் ஒண்ணுன்னு தோணுது.

களை எடுக்கறதை எடுத்துக்கங்க. காலையில எட்டு மணிக்குக் குனிஞ்சா, மத்தியானம் வரைக்கும் ஒரே குனிவு. ஒரே கையில களைக்கொத்து. எங்க நிலம் சரிவு வேற, அதனால ஒரு காலு மேல, ஒரு காலு கீழ. இப்படி நாள்கணக்கா. அப்புறம் சும்மாடு கட்டி விறகு, தண்ணி, புல்லுக்கட்டு. "நோவுது, இன்னிக்கு வேணாம்"னு சொல்ல முடியாது. மழை வந்துட்டா களை நம்மளைக் கேட்டா முளைக்குது? பயிற்சியில நீங்க பத்து தடவை பண்ணிட்டு நிறுத்தறீங்க. வலது பக்கம் பண்ணினா இடது பக்கமும் பண்றீங்க. வளைஞ்சா நிமிருறீங்க. மூச்சைக் கவனிக்கறீங்க. ராத்திரி ஓய்வு எடுக்கறீங்க. உடம்பு தேறறது அந்த ஓய்வுலதான்.

இது நான் திண்ணையில உக்காந்து கண்டுபிடிச்சது இல்லை. ஆராய்ச்சிக்காரங்க இதுக்கு ஒரு பேரே வெச்சிருக்காங்க, 'உடலுழைப்பு முரண்'னு சொல்லலாம். ஓய்வு நேரத்துல ஓடறவங்க, ஆடறவங்களுக்கு ஆயுசு கூடுது. ஆனா பொழைப்புக்காகக் கடுமையா உடம்பை வருத்தறவங்களுக்கு அந்தப் பலன் அப்படியே கிடைக்கறதில்லை. 2018ல வெளிவந்த ஒரு தொகுப்பு ஆய்வுல 17 ஆய்வுகள், கிட்டத்தட்ட 1,94,000 பேரோட தகவலைச் சேத்துப் பாத்திருக்காங்க. கடும் உடலுழைப்பு வேலை செய்யற ஆண்களுக்கு, லேசான வேலை செய்யறவங்களைவிட சீக்கிரம் சாகற அபாயம் 18 சதவீதம் அதிகமா இருந்துச்சு. பெண்கள்கிட்ட அப்படித் தெரியல. பெரும்பாலும் வசதியான நாடுகளோட கணக்கு அது. வருமானம், பீடி சிகரெட், சாப்பாடுன்னு வேற காரணமும் அதுல கலந்திருக்கும். அதனால இதை எங்க மலைக்கு அப்படியே ஒட்ட வெக்க மாட்டேன். ஆனா "உழைக்கிறவனுக்கு நோவு வராது"ங்கற பேச்சை நிறுத்தறதுக்கு இது போதும்.

ஆய்வு எல்லாம் வேணாம், எங்க அம்மாவைப் பாருங்க. எழுபதைத் தாண்டிட்டாங்க. நாப்பது வருஷம் களை எடுத்து, சாமை குத்தி, விறகு சுமந்த முதுகு. இப்ப நிமிர முடியாது. எங்க மலையில ராத்திரி வானம் எவ்வளவு சுத்தம்னா, அதுக்காகவே காவலூர்ல வைனு பாப்பு வான்நோக்கு நிலையம் கட்டி, 2.34 மீட்டர் தொலைநோக்கி வெச்சிருக்காங்க. எங்கெங்கேருந்தோ வந்து நட்சத்திரம் பாத்துட்டுப் போறாங்க. எங்க அம்மா நெலா பாக்கணும்னா கட்டில்ல மல்லாக்கப் படுக்கணும்.

உலக்கை பிடிக்கிற பொம்பளைங்களைப் போட்டோ எடுக்கறவங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும். சாமையில உமி நீக்கறது லேசான வேலை இல்லை. ஏந்திரத்துல அரைச்சு, உரல்ல குத்தி, முறத்துல புடைச்சு, ஒரு வேளை அரிசி எடுக்கறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும். கொல்லிமலையில எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியத்துக்குச் சின்ன மில்லு வெச்சுக்கொடுத்து, மகளிர் குழுக்களை அதை நடத்த வெச்சாங்க. அந்த மாதிரி மில்லு வந்த ஊர்ல எல்லாம் உலக்கை மூலையில சாஞ்சுது. அது போனதுக்கு யாரும் வருத்தப்பட வேணாம். அந்தப் பெண்களைக் கேட்டுப்பாருங்க, சொல்லுவாங்க.

அதுக்காக எல்லாமே கெடுதல்னு சொல்ல வரல. குந்தி உக்கார்றது, தரையில உக்காந்து சாப்புடறது, மேடு ஏறி இறங்கறது இதெல்லாம் எங்களுக்கு இன்னும் இருக்கு. இடுப்பும் முழங்காலும் முழுசா மடங்கும். நீங்க சேர்லயே உக்காந்து அதை விட்டுட்டீங்க. எங்களுக்கு உழைப்பு அதிகம், ஒழுங்கு இல்லை. உங்களுக்கு உழைப்பே இல்லை. ரெண்டு பேருக்கும் முதுகுவலி வந்து ஒரே பாய்ல படுக்கறோம். அந்தச் சென்னைக்காரருக்கும் எனக்கும் நடுவுல வித்தியாசம் அவ்வளவுதான்.

எந்த வயசுக்கு என்ன பலன்?

பிலாட்டீஸ் சர்வரோக நிவாரணி இல்லை. அப்படிச் சொல்றவங்ககிட்டேயிருந்து தள்ளி நில்லுங்க. நாட்பட்ட இடுப்புவலிக்கு இது எவ்வளவு உதவும்னு காக்ரேன் அமைப்பு 2015ல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கு. ஒண்ணுமே பண்ணாம இருக்கறதைவிட, பேருக்குச் செய்யற சிகிச்சையைவிட, இது வலியைக் குறைக்குது. ஆனா மத்த உடற்பயிற்சிகளைவிட இது உசத்தின்னு சொல்ல ஆதாரம் இல்லை. அதனால யோகா பண்றவங்க யோகாவே பண்ணுங்க. சிலம்பம் சுத்தறவங்க சுத்துங்க. எனக்கு இது ஒத்துவந்ததுக்குக் காரணம் சாதாரணமானது: படுத்துக்கிட்டே ஆரம்பிக்கலாம், அசைவு சின்னது, களைச்ச உடம்புக்கும் முடியும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க: முதல்ல ஓடி விளையாடட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னபடி பிள்ளைங்களுக்கு நாளுக்கு 60 நிமிஷம் ஓட்டமும் ஆட்டமும் வேணும். பிலாட்டீஸ் அதுக்கு மாத்து இல்லை. ஆனா செல்போனைக் குனிஞ்சு பாத்துப் பாத்துக் கூன் போட்டு உக்கார்ற பிள்ளைக்கு, தன் முதுகு எங்க இருக்குன்னு உணர வெக்க இது நல்லது. என் பையன் பத்தாவது படிக்கிறான். என் பக்கத்துல பாய் போட்டுக்கிட்டு, நான் தடுமாறும்போது சிரிப்பான். சிரிச்சுக்கிட்டே கத்துக்கிட்டான்.

உக்காந்து வேலை செய்யறவங்க: உங்களுக்குத்தான் இது அதிகம் பொருந்தும். இடுப்பும் வயிறும் எட்டு மணிநேரம் தூங்கிப்போகுது. ஆனா ஞாபகம் வெச்சுக்கங்க, இதுல நெஞ்சுத்துடிப்பு பெருசா ஏறாது. பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகநடை மாதிரி உழைப்பு வேணும்னு அதே நிறுவனம் சொல்லுது. பிலாட்டீஸ் பண்றேன்னு நடையை விட்டுடாதீங்க.

பிள்ளை பெத்தவங்க: இதை ஆம்பளை எழுதலாமான்னு யோசிச்சேன். எழுதித்தான் ஆகணும், ஏன்னா யாரும் பேசறதில்லை. தும்மினா, இருமினா, சும்மாட்டுல பாரம் ஏத்தினா சிறுநீர் கசியறதுன்னு எத்தனையோ பெண்கள் வெளியே சொல்லாமலே காலத்தைத் தள்ளிடறாங்க. "புள்ள பெத்தா அப்படித்தான்"னு மாமியா சொல்லிடுவாங்க. அப்படி இல்லைங்க. இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தற பயிற்சியால பெரும்பாலும் சரி பண்ணலாம். டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டு முதல்ல அதைக் கத்துக்கணும். பிலாட்டீஸ் மூச்சு அதோட சேந்து வரும். கர்ப்பமா இருக்கறவங்களும், புதுசா பெத்தவங்களும் டாக்டர்கிட்ட கேக்காம ஆரம்பிக்க வேணாம்.

வயசானவங்க: அவங்களுக்கு வலியைவிடப் பெரிய எதிரி விழறது. இடுப்பெலும்பு முறிஞ்சா படுக்கைதான். 65 வயசுக்கு மேல வாரம் மூணு நாளாவது சமநிலைக்கான பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிலாட்டீஸ் அதுல ஒரு வழி. ஆனா எலும்புத் தேய்மானம் இருக்கறவங்க முதுகை உருட்டற பயிற்சி, ரொம்பக் குனியற பயிற்சி பண்ணக் கூடாது. எங்க அம்மாவுக்கு நாங்க வெச்சது மூணுதான்: சேர்லேருந்து கையை ஊனாம எழுந்து உக்கார்றது, சுவத்தைத் தொட்டுக்கிட்டு ஒத்தைக் கால்ல நிக்கறது, படுத்து மூச்சு விடறது. கூன் நிமிரல, இனி நிமிரவும் நிமிராது. ஆனா கொல்லைப்பக்கம் தனியா போய் வர்றாங்க.

பாய் போட்டு என்ன பண்றேன்?

கேக்கறவங்களுக்காக என் கணக்கைச் சொல்றேன். பதினஞ்சு நிமிஷம், வாரத்துக்கு அஞ்சு நாள்.

முதல்ல மூச்சு. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, விலா ரெண்டு பக்கமும் விரியற மாதிரி இழுத்து, விடும்போது தொப்புளை மெல்ல உள்ளே இழுக்கறது. இறுக்கிப் பிடிக்கறது இல்லை, மூட்டைக் கயித்துல முதல் சுத்து மாதிரி. அப்புறம் அதே நிலையில இடுப்பைத் தூக்கிப் பாலம் மாதிரி நிறுத்தி, ஒவ்வொரு கணுவா இறக்கறது. மூணாவது, ரெண்டு காலையும் மடக்கித் தூக்கி, முதுகு அசையாம ஒவ்வொரு காலா தரையைத் தொட்டு எடுக்கறது. நாலாவது, ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலைத் தூக்கி இறக்கறது, ரெண்டு பக்கமும். அஞ்சாவது, மண்டி போட்டுக் கை ஊனி, வலது கையும் இடது காலும் நீட்டி நிக்கறது, அப்புறம் மாத்தி. கடைசியா, பூனை சோம்பல் முறிக்கற மாதிரி முதுகை வளைச்சு நிமித்தறது. ஒவ்வொண்ணும் எட்டு, பத்து தடவைக்கு மேல இல்லை. நடுங்க ஆரம்பிச்சா நிறுத்திடுவேன்.

ஆனா சும்மா இதைப் படிச்சுட்டு மட்டும் ஆரம்பிக்காதீங்க. ஒரு தடவையாவது தெரிஞ்சவங்க முன்னாடி பண்ணிக் காட்டுங்க. நான் முதல்ல ஆறு வாரம் தப்பாத்தான் பண்ணிட்டிருந்தேன், மூச்சை அடக்கிக்கிட்டு. இன்னொண்ணு: 'பிலாட்டீஸ்'ங்கற பேரு யாருக்கும் சொந்தமில்லைன்னு 2000ல அமெரிக்க நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால யார் வேணும்னாலும் போர்டு மாட்டலாம். சொல்லிக்கொடுக்கறவங்க எங்க, எவ்வளவு நாள் கத்துக்கிட்டாங்கன்னு கேளுங்க. கால் மரத்துப்போனா, பலம் குறைஞ்சா, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியாமப் போனா, விழுந்த பிறகு வலி வந்தா பாயைச் சுருட்டிட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

ஊர்ல வயசான அப்பா அம்மா இருக்கறவங்களுக்கு ஒரு தகவல். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரை மட்டும் இல்லை, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கறதும் உண்டு. ஊர் செவிலியர்கிட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கேட்டுப் பாருங்க. பல பேருக்கு இது தெரியறதே இல்லை.

அந்தப் பதினஞ்சு நிமிஷம் யாருக்கு?

இதுவரைக்கும் எழுதினது சுலபம். இனிமே எழுதறது எனக்கே கொஞ்சம் கூச்சம்.

முதுகு சரியான பிறகு, என் பொஞ்சாதியையும் பண்ணச் சொன்னேன். அவளுக்கும் இடுப்புவலி உண்டு, சொல்ல மாட்டா. "குனிஞ்சு நிமிர்ற வேலையே நாளெல்லாம் பண்றேன், எனக்கு எதுக்கு இது?"ன்னு சிரிச்சா. அந்தச் சென்னைக்காரர் சொன்ன அதே வார்த்தை. நான் இதுவரைக்கும் உங்களுக்குச் சொன்னதை எல்லாம் அவகிட்டயும் சொன்னேன். கேட்டுட்டு அமைதியா ஒண்ணு கேட்டா: "நீ பாய்ல படுக்கற நேரத்துல நான் என்ன பண்ணிட்டிருக்கேன், பாத்திருக்கியா?"

பாத்ததில்லைங்க. அடுத்த நாள் பாத்தேன். நான் மூச்சு விட்டுட்டு இருக்கும்போது அவ அடுப்பு மூட்டி, தண்ணி எடுத்து, வாசல் பெருக்கி, பையனுக்குச் சோறு கட்டிட்டிருந்தா. என் முதுகுக்குக் கிடைச்ச பதினஞ்சு நிமிஷம் அவகிட்டேயிருந்து வந்தது. கூலிக்குப் போற பெண்களுக்கு அதுகூடக் கிடையாது. உடம்புக்கு ஒழுங்கு வேணும், ஓய்வு வேணும்னு நான் சுலபமா எழுதிடறேன். ஓய்வு யார் கையில இருக்குங்கறதுதான் நிஜமான கேள்வி. மேல சொன்ன மில்லு, குழாயில வர்ற தண்ணி, கேஸ் அடுப்பு, இதெல்லாம்கூட முதுகுவலிக்கான வைத்தியம்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

இப்ப எங்க வீட்டுல நாள் விட்டு நாள் அடுப்பு என்னோடது. சாமைச்சோறு முதல்ல ரெண்டு தடவை அடிபிடிச்சுது. அவ பாய்ல படுத்திருந்து, "தீயைக் குறை"ன்னு அங்கேயிருந்தே கத்துவா. கத்தினா மூச்சுக் கணக்கு போயிடும்னு நான் சொல்லுவேன். அக்கா பொண்ணு போன்ல கேட்டுட்டு, "மாமா, அத்தை பண்றது உங்களைவிடச் சரியா இருக்கு"ன்னா. இருக்கட்டும்.

அந்தச் சென்னைக்காரர் கிளம்பும்போது திரும்ப என் கையைப் பிடிச்சு, "இங்கயே வந்துடலாம்னு தோணுதுங்க, முதுகு தானா சரியாயிடும்"னார். வாங்க சார், நிச்சயம் வாங்க. ஆடி மழைக்கு விதைப்பு இருக்கு, தை கழிஞ்சா புளி உலுக்கற வேலை இருக்கு. வரும்போது மறக்காம உங்க பாயையும் எடுத்துட்டு வாங்க.